பேன்ட் பாக்கெட்டில் கூல் லிப்: பையனிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அவன் யூனிபார்ம் பேன்ட்டை ஊறவைக்கும்போது பாக்கெட்டில் இரண்டு சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் கிடைத்தன. முகர்ந்தால் புதினா வாசம். மில்லில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் காட்டினேன். “அக்கா, இது கூல் லிப். புகையிலை” என்றாள். கை கால் ஆடிவிட்டது. அவனிடம் இன்னும் கேட்கவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அவரும் ஹான்ஸ் புகையிலை போடுகிறவர்தான். என் தம்பியோ ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்கிறான். ஷிப்ட் முடிந்து நான் வீடு வர இரவு எட்டு மணி ஆகிவிடும். என் கவனக்குறைவால்தான் இப்படி ஆனதா? நான் என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

“அவனிடம் இன்னும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு வாரம் வீணாகிவிட்டதே என்று தவிக்காதீர்கள். ஆத்திரம் கொதித்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

நீங்கள் பேசப்போகும் அந்த முதல் கால் மணி நேரத்தில் உங்கள் மகன் ஒன்றைத்தான் எடைபோடுவான்: அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் நமக்கு என்ன ஆகும்? அடியும் சாபமும் விழுந்தால் அவன் கூல் லிப்பை விடமாட்டான், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான். நாளைக்கு ஒருவன் கஞ்சாவையோ வலி மாத்திரையையோ நீட்டினால் அந்தச் சேதி உங்கள் காதுக்கு வரவே வராது. எனக்குப் பெரிய பயம் அந்த நாளைப் பற்றித்தான். கையில் கிடைத்த இந்த இரண்டு பொட்டலத்தை நாம் சமாளித்துவிடலாம்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது உங்கள் கவனக்குறைவு இல்லை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகி வைத்துக்கொள்ளும் சாமான் இது. புகை கிடையாது, அடிக்கடி துப்பவும் வேண்டாம். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. வாசம் வந்தாலும் மிட்டாய் வாசம்தான். 2019-ல் மத்திய அரசு நடத்திய பள்ளி மாணவர் புகையிலைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீட்டிலுமா அம்மாக்கள் அசட்டையாக இருந்தார்கள்?

பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் என் நினைவில் இருக்கிறான். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தான். கீழுதட்டை மடித்துக் காட்டச் சொன்னேன். ஈறு ஓரிடத்தில் மட்டும் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி சுருங்கியிருந்தது. “முதல் தடவை வச்சப்போ எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டேன். “தலை சுத்துச்சு மிஸ். கிரவுண்டுலேயே வாந்தி எடுத்தேன்.” அப்புறம் ஏன் மறுபடி வைத்தாய் என்றதற்குக் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். “வேணாம்னு சொன்னா அடுத்த நாள் டீம்ல எடுக்க மாட்டாங்க மிஸ்.”

அவனுக்குப் புகையிலை கெட்டது என்று தெரியாதா? பொட்டலத்தின் மேலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. அவன் பயந்தது புற்றுநோய்க்கு இல்லை, கிரவுண்டில் தனியாக நிற்பதற்கு. பதினைந்து வயதில் அந்தப் பயம் சாதாரணமானதும் இல்லை. ஆசையும் வேகமும் முந்திக்கொள்ளும் வயது. ‘வேண்டாம், நில்’ என்று பிடித்து நிறுத்தும் நெற்றிப் பக்கத்து மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகலாம். அதுவரை, புகையிலையில் இருக்கும் நிக்கோடின் என்ற போதைக்கு அந்த மூளை சீக்கிரம் பழகிவிடும். அதனால்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் வேகமாக அடிமையாகிறார்கள்.

சரி, இப்போது பேசுவதற்கு வருவோம். அவனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். துணி மடிக்கும்போது பேசலாம், இருவருமாகக் கடைக்கு நடந்து போகும்போதும் பேசலாம். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியில்லாத நேரத்தில்தான் இந்த வயதுப் பையன்கள் வாய் திறப்பார்கள். “ஏன்டா இப்படிப் பண்ணுனே?” என்று தொடங்கினால் பொய்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தம்பி, துவைக்கும்போது உன் பாக்கெட்டுல இது கெடச்சுது. நான் அடிக்கப் போறதில்ல. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது, நீயே சொல்லு.” சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் இருங்கள்.

“என்னுது இல்லம்மா, ஃப்ரெண்டோடது” என்பான். பெரும்பாலான பிள்ளைகள் சொல்வது இதுதான். பொய் என்று பாயாதீர்கள். “சரி, உன் ஃப்ரெண்டுக்கு இத யாரு கொடுக்கிறா? வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?” என்று கேளுங்கள். நண்பன் பேரில் தன் கதையைத்தான் சொல்வான். முழுக்கக் கேளுங்கள். கடைசியில் உங்கள் மனதில் உள்ளதை ஒரே ஒரு தடவை, தெளிவாகச் சொல்லுங்கள்: “இந்த வீட்டுப் பிள்ளை இதத் தொடக் கூடாதுன்னு நெனைக்கிறேன். விடறதுக்கு நான் கூட இருக்கேன்.” தினமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

‘வேண்டாம்’ என்று சொல்லவும் பழக வேண்டும். வசனத்தை அவனையே யோசிக்க விடுங்கள். நண்பர்களிடம் நீளமாக உபதேசம் பேச எந்தப் பையனாலும் முடியாது. “வாய்ப்புண்ணு மச்சி” என்று சொல்லலாம். “எங்கம்மா மோப்பம் பிடிச்சிரும்டா” என்று உங்களையே வில்லியாக்கலாம், தப்பே இல்லை. சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். சும்மா நின்றால்தான் மறுபடி நீட்டுவார்கள். வீட்டில் இரண்டு மூன்று தடவை நீங்கள் நீட்டுகிறவராகவும் அவன் மறுக்கிறவனாகவும் நடித்துப் பாருங்கள். முதலில் சிரிப்பான். சிரித்தாலும் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் குற்றவாளி உங்கள் மகன் இல்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2003-ன்படி 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015-ன்படி பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டிலோ குட்கா, மெல்லும் புகையிலைக்கு 2013-லிருந்து தடை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கூல் லிப்பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்றே கேட்டது. இத்தனை இருந்தும் பள்ளி வாசலில் கிடைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கடை எது என்று அவன் சொன்னால் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். மகன் பேரைச் சொல்ல வேண்டாம். தலைமை ஆசிரியரிடமும் “வாசலில் விற்கிறார்கள், கவனியுங்கள்” என்று மட்டும் சொன்னால் போதும். பத்தாம் வகுப்பில் டி.சி.யைக் கையில் கொடுத்துப் பையனைத் தெருவில் விட்டுவிடக் கூடாது பாருங்கள்.

ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம். உங்கள் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அங்கேயும் ஒரு டீம் இருக்கும், அங்கேயும் ஒருவன் நீட்டுவான். சொல்லி அழ அம்மா மட்டும் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

யோசிக்க வேண்டியது அந்தச் சாயங்கால நேரத்தைத்தான். நாலரைக்குப் பள்ளி விடுகிறது, நீங்கள் வருவது எட்டுக்கு. அந்த மூன்றரை மணி நேரம் அவன் யாரோடு இருக்கிறான்? ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின மாதத்தில் குடித்துப் போதையானவர்களாக இருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதமானது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தார்கள். போதையின் கெடுதலைப் பற்றி வகுப்பெடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சாயங்காலங்களைப் பயிற்சியாளரோடு கூடிய விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், பெற்றோரைப் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருக்க வைத்தார்கள், இரவில் இத்தனை மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நம் ஊரில் அவ்வளவு வசதி இல்லை. ஆனால் கபடியோ சிலம்பமோ சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். கிரவுண்டில் எந்த டீமாக இருந்தாலும் சரி, ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. எட்டு மணிக்கு மேல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அந்த அரை மணி நேரம் போன் வேண்டாம், மார்க் பற்றியும் பேச்சு வேண்டாம்.

எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது என்றால் இதுவரை சொன்னதே போதும். தினமும் என்றால் நிறுத்தும்போது உடம்பு முரண்டு பிடிக்கும். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, படிப்பில் மனம் நிற்காமை எல்லாம் வரும். இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவை ஆசை எழும்போதும் சில நிமிஷம்தான் இருக்கும். அதைத் தாண்ட ஒரு டம்ளர் தண்ணீர், கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கொய்யா, தெருக்கோடி வரை ஒரு நடை போதும். நிக்கோடின் சூயிங்கம்மை மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். 18 வயதுக்குக் கீழே அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஈறில் வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். புகையிலையை நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். வேறு போதையும் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் 14446. அவன் ஒடிந்துபோய், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 14416 மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். மறைத்தே காலம் தள்ள முடியாது, அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் மகனிடம் பேசிவிட்டு, “அப்பாகிட்ட நான் சொல்லப் போறேன், அடிக்க மாட்டார், அதுக்கு நான் பொறுப்பு” என்று அவனுக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு முடித்து ஆற அமர உட்கார்ந்திருக்கும் நேரம் பாருங்கள். அப்போது ஒன்று கேளுங்கள்: ஹான்ஸ் வாங்கி வரச் சொல்லிப் பையனை அவர் எத்தனை தடவை கடைக்கு அனுப்பியிருக்கிறார்? குத்திக்காட்டுவதற்காக இல்லை. பிள்ளை கேட்கப்போகும் முதல் கேள்வி “அப்பா மட்டும் போடுறாரே?” என்பதுதான், அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டுமே.

அவரும் நிறுத்தட்டும். இருவரும் ஒரே நாளில் நிறுத்தட்டும். வெள்ளி இரவோடு விட்டால் சனியும் ஞாயிறும் வீட்டிலேயே கழியும். மகனுக்காக விடுகிறேன் என்று அவர் வாயால் அவனிடம் சொல்லட்டும். நான் சொன்ன அந்த 1800 எண்ணுக்கு இருவரும் சேர்ந்தே பேசட்டும். முதல் மூன்று நாள் அப்பாவும் பிள்ளையும் சுள்ளென்று விழுவார்கள், சாப்பாட்டில் குறை சொல்வார்கள். நீங்கள் பதிலுக்கு எதுவும் பேசாமல் அடுப்பில் கொஞ்சம் வேர்க்கடலையை வறுத்து வையுங்கள்.