விண்கல் கத்தியும் வெறும் கோடுகளும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: முகப்புத்தகத்தில் பார்த்து 48,000 ரூபாய்க்கு ஒரு விண்கல் கத்தி வாங்கினேன். உலையில் காய்ச்சி அடித்தது என்றார்கள். அலகு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளிக் கோடுகள். இது அசல்தானா? (கொக்குவில் வாசகி)

பதில்: தங்கச்சி, அந்தக் கோடுகளே விற்றவர் சொன்னது பொய் என்று காட்டுகின்றன. அவற்றை விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்பார்கள். சிறுகோள்களின் உள்ளே இரும்பும் நிக்கலும் பல இலட்சம் ஆண்டுகளாக மெல்ல ஆறியபோது உண்டானவை அவை. கத்தி அடிக்கிற சூட்டுக்குப் போனால் அழிந்துவிடும். ஆகவே அந்தக் கோடு இருந்தால் அது விண்கல்லை உலையில் காய்ச்சி அடித்த கத்தி அல்ல. விண்கல்லைச் சூடாக்காமல் அறுத்துத் தேய்த்ததாக இருக்கலாம். அப்படியானால் அலகு மென்மையானது, கூர் நிற்காது. அல்லது சாதாரண உருக்கில் லேசரால் கீறியதாக இருக்கும்.

பிடிக்கு அருகே ஒரு மூலையை நைசான உப்புத்தாளால் கோடு மறையும்வரை தேய்த்து, இரும்பை அரிக்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோடு திரும்ப வந்தால் அது உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. வராவிட்டால் மேலே வரைந்தது. காந்தம் ஒட்டுகிறதே என்று விற்றவர் சொன்னால் நம்பவேண்டாம், எல்லா இரும்பிலும் ஒட்டும். டமஸ்கஸ் உருக்கு, அதாவது அலையலையாகக் கோலம் தெரியும் உருக்கு, என்று எனக்கு விற்ற கத்தியிலும் கோலம் நாலு தரம் தீட்டியதும் போய்விட்டது. கேட்கப் போனபோது அந்தக் கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம்.

கேள்வி: நிக்கல் இருப்பதால் துருப்பிடிக்காது என்று சொல்லித் தந்தார்கள். மீன் வெட்டிய மறுநாளே துரு. (வல்வெட்டித்துறை வாசகர்)

பதில்: துருப்பிடிக்கும். கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா 600 கிராம் விண்கல் இரும்பு அனுப்பினார். ஆர்ஜென்டினாவில் கிடைத்ததாம். மகனின் கல்யாணத்துக்குக் கத்தி அடிக்கக் கம்மாலையில் கொடுத்தோம். நாலைந்து அடியிலேயே துண்டு துண்டாகப் பிளந்துவிட்டது. கொல்லரிடம் நட்டஈடு கேட்கலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: கேட்காதீர்கள். அவர்மேல் பிழை இல்லை.

1621இல் இந்தியாவில் ஜலந்தர் பக்கம் ஒரு இரும்பு விண்கல் விழுந்தது. பேரரசர் ஜஹாங்கீர் அதில் வாள் அடிக்கச் சொன்னார். சம்மட்டிக்கு அது நிற்கவில்லை, உதிர்ந்தது. மூன்று பங்கு விண்ணிரும்புக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்த பிறகுதான் வேலை நடந்தது. அதில் செய்த கத்தி ஒன்று இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அரண்மனைக் கொல்லருக்கே அந்தப் பாடு.

காரணம் உள்ளே இருக்கும் கலப்பு. கந்தகம் சேர்ந்த திட்டுகள் இருந்தால் சூட்டில் அடிக்கும்போது வெடிக்கும். பொஸ்பரசு சேர்ந்தவை ஆறிய பிறகும் நொறுங்கும். பெரிய படிகங்களின் ஓரங்களில் பழைய வெடிப்பும் துருவும் ஒளிந்திருக்கும். அதனால் தெரிந்தவர்கள் எடுத்தவுடன் ஓங்கி அடிப்பதில்லை. துண்டுகளை நல்ல இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, வெங்காரம் தூவி, வெண்சூட்டுக்குக் கொண்டுபோய், மெதுவாகத் தட்டி ஒட்டவைத்து, மடித்து மடித்து அடிப்பார்கள். ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் செதிலாக உதிரும். 600 கிராமும் கத்தியாக வராது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இரும்பில் காபன் மிகக் குறைவு என்பதால் தோய்ச்சல் ஏறாது, அதாவது காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது. நடுவில் நல்ல உருக்கு வைத்து, விண்ணிரும்பை இரண்டு பக்கமும் ஒட்டினால்தான் வெட்டும்.

எனக்கு நெடுநாளாக இருக்கும் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சிரட்டைக்கரி விலை ஏறிவிட்டது. துருத்தி ஊத ஆள் கிடைப்பதில்லை. நாங்களோ அடித்துத் தந்த கத்திக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கம்மாலை வாசலில் நின்று பேரம் பேசுகிறோம். முன்பின் தெரியாத விற்பனையாளருக்குக் கேட்ட விலையை அப்படியே அனுப்புகிறோம். இது நியாயமே இல்லை. அந்தக் கொல்லருக்கு அன்றைய கூலியையும் கரிச்செலவையும் கொடுங்கள். உதிர்ந்த துண்டுகளையும் திரட்டி வையுங்கள், திரும்ப ஒட்ட வாய்ப்பிருக்கிறது. அடுத்த முறை, உடைந்தால் யார் பொறுப்பு என்று தொடங்குமுன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் இருந்த விண்கல் கத்தி போலச் செய்து தருவதாகச் சொன்னவருக்கு ஒரு இலட்சம் முற்பணம் போட்டேன். முகவரி தெரியாது. இப்போது பதிலே இல்லை. (மானிப்பாய் வாசகர்)

பதில்: முகவரி கேட்காமல் ஒரு இலட்சமா? இதைப் பற்றி எத்தனை தரம்தான் எழுதுவது! அந்தக் கத்தியில் ஏறக்குறைய 11 வீதம் நிக்கல் இருப்பதாகவும், ஆகவே அது விண்கல் இரும்புதான் என்றும் 2016இல் வெளியான எக்ஸ்கதிர் ஆய்வு சொன்னது. உங்களுக்குச் செய்யும் கத்திக்கு எந்த இரும்பு, எங்கே எடுத்தது என்றாவது கேட்டீர்களா? இன்றைக்கே பணம் போட்ட சிட்டையுடன் வங்கிக்குப் போங்கள், அப்புறம் பொலிசுக்கு.

கேள்வி: அப்பா லொறி வில் தகட்டில் கத்தி அடிப்பவர். ஒருவர் 2,500 ரூபாய்ப்படி மொத்தமாக வாங்கி, அதில் கோடு கீறி, விண்கல் கத்தி என்று விற்கிறார். அப்பாவுக்குப் பிரச்சினை வருமா? (சுன்னாகம் வாசகி)

பதில்: அப்பா ஏமாற்றவில்லை, அவர் அடித்த கத்தியை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். பயப்படவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு விற்பனைக்கும் "லொறி வில் தகட்டில் அடித்தது" என்று பற்றுச்சீட்டில் எழுதி, வாங்குபவரிடம் கையொப்பம் எடுத்துப் பிரதியை வைத்திருக்கட்டும். அலகில் தன் முத்திரையையும் அடிக்கட்டும். அந்த ஆளின் விளம்பரங்களைச் சேர்த்து வைத்து, அதிகாரசபைக்கு நீங்களே முதலில் எழுதுங்கள்.