'யாரும் கையெழுத்துப் போடவில்லை' என்பது மட்டும் போதுமா?

கேள்வி: முதுகலையில் அரசியல் கோட்பாடு படிக்கிறேன். 'சமூக ஒப்பந்தத்தில் (மக்கள் தங்களுக்குள் சம்மதித்து அரசை உருவாக்கினார்கள் என்ற கருத்து) யாரும் கையெழுத்துப் போடவில்லை, எனவே அரசுக்கு நியாயத்தன்மை இல்லை' என்பதைத் தீவிர இடதுசாரிகளின் விமர்சனமாகக் கட்டுரையில் எழுதினேன். 'இது இடதுசாரி வாதமே இல்லை' என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?

பதில்: பேராசிரியர் சொன்னது சரிதான். அந்த வாதத்தை 1748-லேயே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் முன்வைத்துவிட்டார்; அவர் இடதுசாரி அல்ல. நாட்டில் தங்கியிருப்பதே மறைமுகச் சம்மதம் என்றார் ஹியூமுக்கு முந்தைய ஒப்பந்தக் கோட்பாட்டாளர் ஜான் லாக். தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் இருக்கிறான் என்பதற்காக மாலுமித் தலைவனை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா என்று ஹியூம் மடக்கினார். அப்புறம் 1793-ல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், ஒப்பந்தம் வரலாற்றில் நடந்த சம்பவமாக இருக்கத் தேவையில்லை, ஒரு சட்டம் நியாயமானதா என்று சோதிக்கும் அளவுகோல் அது என்றார். அவரிடம் போய் 'கையெழுத்து எங்கே?' என்று கேட்டுப் பயனில்லை.

சரி, எல்லோரும் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டார்கள் என்றே வையுங்கள். இடதுசாரி விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் கூலி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறார். சந்தையில் தொழிலாளியும் முதலாளியும் சட்டப்படி சமமானவர்கள், யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் ஒருவரிடம் நிலம், ஆலை, கருவி போன்ற உற்பத்திச் சாதனம் இருக்கிறது, மற்றவரிடம் உழைப்புச் சக்தியைத் தவிர விற்க எதுவுமில்லை. இந்த நிலை எப்படி வந்தது? இங்கிலாந்தில் விவசாயிகளின் நிலம் பலவந்தமாகப் பறிக்கப்பட்ட வரலாற்றை நூலின் கடைசிப் பகுதியில் விரிக்கிறார். பறிப்பு முன்னால் நடந்தது, சம்மதம் பின்னால் வந்தது. அரசுக்கும் இதே கேள்விதான். சொத்தைப் பாதுகாப்பதே அரசு அமைப்பதன் முதன்மை நோக்கம் என்றார் லாக். அப்படியானால் சொத்தோடு வருபவரும் வெறுங்கையோடு வருபவரும் ஒரே ஒப்பந்தத்தில் சேரும்போது, ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வு உரிமையாக உறுதிப்படுகிறது. இதை 1755-லேயே ரூசோ சொல்லியிருக்கிறார்: பணக்காரர்கள் தங்கள் உடைமையைக் காக்க ஏழைகளை ஏமாற்றிச் சேர்த்த ஏற்பாடு அது என்று. அதனால் அவரும் ஒப்பந்தக் கோட்பாட்டாளர்தானே என்று ரூசோவைக் கண்ணை மூடிக்கொண்டு எதிரணியில் நிறுத்தாதீர்கள்.

ஒப்பந்தம் பேச யார் அழைக்கப்பட்டார்கள் என்பதை பெண்ணியக் கோட்பாட்டாளர் கேரல் பேட்மன் 1988-ல் பெண்களை முன்வைத்தும், தத்துவவாதி சார்லஸ் மில்ஸ் 1997-ல் நிறவெறியை முன்வைத்தும் கேட்டார்கள். இருவரையும் கட்டாயம் சேருங்கள்.

இன்னொரு குழப்பமும் உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அரசு எந்த வடிவிலும் நியாயமாகாது என்பது பக்கூனின் போன்ற அரசின்மைவாதிகளின் நிலைப்பாடு. மார்க்ஸ் தொழிலாளர்கள் அரசதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டும் என்றவர். இந்தப் பிளவுதான் முற்றி, 1872-ல் ஹேக் மாநாட்டில் பக்கூனின் அகிலத்திலிருந்து (சர்வதேசத் தொழிலாளர் சங்கம்) வெளியேற்றப்பட்டார். இருவரையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க முடியாது.

திருத்தும்போது ஒவ்வொரு பத்தியையும் இப்படிச் சோதியுங்கள்: எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த வாதம் நிற்குமா? நிற்காவிட்டால் அது ஹியூமுடையது, எடுத்துவிடுங்கள். கடைசியாக, சம்மதம் போதாது என்றால் அதிகாரத்தை எதை வைத்து நியாயப்படுத்துவது என்று இடதுசாரிகளைப் பார்த்தும் கேளுங்கள். அவர்களுக்கு மிகவும் கடினமான கேள்வி அதுதான். அதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.