டீசல் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகும் ரேடியேட்டரில் குமிழி வருகிறது. கேஸ்கெட் மறுபடியும் போய்விட்டதா?

இந்நேரம் யாராவது ஒருவர் மறுபடியும் ஹெட்டைக் கழற்றச் சொல்லியிருப்பார், நீங்களும் அரை மனதோடு தலையாட்டியிருப்பீர்கள். தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை, அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் சிலிண்டரில் எரிந்த புகை கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரில்) புகுந்து குமிழியாக வரும். ஆனால் வேலை முடிந்த முதல் சில நாள் குமிழி வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஹெட்டைக் கழற்றும்போது கூலன்ட் முழுக்க இறக்கிவிடுவார்கள், திரும்ப ஊற்றும்போது ஹெட்டின் மூலைகளிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று மாட்டிக்கொள்ளும். இன்ஜின் சில தடவை நன்றாகச் சூடேறி ஆறினால்தான் அது வெளியே வரும், அதுவரை மட்டம் கொஞ்சம் இறங்கும், ஊற்ற வேண்டியிருக்கும். ஆயில் லேசாகப் பால் மாதிரி இருந்தாலும் உடனே பயப்படாதீர்கள். ஹெட்டைத் தூக்கும்போது சிந்திய தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கலாம், வேலைக்குப் பிறகு ஆயில் மாற்றினார்களா என்று கேளுங்கள். வெள்ளைப் புகையும் அப்படித்தான். டீசல் லைனில் காற்று இருந்தாலும், டைமிங் (டீசல் பாய்ச்சும் நேரம்) தள்ளியிருந்தாலும், எரியாத டீசல் வெள்ளையாகத்தான் வரும். அதில் டீசல் வாடை அடிக்கும், கண் எரியும். கூலன்ட் சிலிண்டருக்குள் போய் வரும் ஆவி அப்படி எரிக்காது.

சந்தேகம் தீர வேண்டுமானால், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு காலையில் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. ஆறிய பிறகு மூடியைத் திறந்து வாய் வரை நிரப்பி, தண்ணீர் பம்ப்பை ஓட்டும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு (டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டைத் தொடாதீர்கள்) ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிடுங்கள். தண்ணீரும் சுற்றவில்லை, சூடும் ஏறவில்லை, அப்போதும் குமிழி விடாமல் கிளம்பினால் அது எங்கிருந்தோ அழுத்தத்தோடு உள்ளே வருகிற காற்று. பெல்ட்டைக் கழற்ற விருப்பமில்லை என்றால், மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில், ஹோஸ் இன்னும் சில்லென்று இருக்கும்போதே கல் மாதிரி விறைத்தால் அது சூட்டினால் வந்த அழுத்தம் இல்லை.

கவனியுங்கள், "எங்கிருந்தோ" என்றுதான் சொன்னேன். "கேஸ்கெட்டிலிருந்து" என்று சொல்லவில்லை. நான் விழுந்த குழி அதுதான்.

என்னுடையது ஆறு சிலிண்டர் லாரி, ஏர் பிரேக். ஏற்றத்தில் ஏறும்போது சூடாகிக் கேஸ்கெட் போனது. ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன், மனிதர் ஒழுங்காகவே செய்தார். ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு வளைவு பார்த்து, ஃபேஸிங் போட்டு (பரப்பைச் சமமாகச் சீவி), விரிசல் பார்த்து, முறுக்கினால் நீண்டுவிடும் என்று போல்ட் எல்லாம் புதிதாக வாங்கச் சொன்னார். மூன்றாவது நாள் குமிழி, கூலன்ட் வழிந்து வெளியே போகிறது. நான் நேராகப் போய், அவரிடம் வேலை பார்க்கும் பையன்கள் முன்னாலேயே கத்தினேன். அவர் "காத்து போகட்டும் தம்பி, இன்னும் ரெண்டு நாள் ஓட்டிட்டு வா, பார்க்கலாம்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். போல்ட் முறுக்கு சரியில்லை என்பது என் முடிவு. அதை நானே சோதிக்கலாம் என்றால் என் டார்க் ரெஞ்ச் மச்சானிடம் இருந்தது. அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்கிப்போய் எட்டு மாதம், துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்ற அதைத்தான் நெம்புகோல் மாதிரி உபயோகித்திருக்கிறார், மேலே ஏறி நின்று! டார்க் ரெஞ்ச் அளவு பார்த்து முறுக்குவதற்கு, கழற்றுவதற்கு இல்லை. இதைச் சொன்னால் "ஒரு ஸ்பேனருக்கா இவ்வளவு பேச்சு" என்று வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள். சரி, விடுங்கள்.

வேறொரு இடத்தில் விட்டேன். அங்கே ஒரு சோதனையும் செய்யவில்லை, பேச்சோடு பேச்சாக ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். கேஸ்கெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆறு சிலிண்டரைச் சுற்றியும் வளையத்தின் தடம் ஒரே சீராகப் பதிந்திருக்கிறது, கரி கசிந்த கோடு ஒன்றுகூட இல்லை, அதாவது கேஸ்கெட் கசியவில்லை. அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். இன்னொரு கேஸ்கெட் போட்டு மூடினார்கள். அன்று சாயங்காலமே குமிழி.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர் வயதான ஒரு டிரைவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏர் ஃபுல் ஆனதும் குமிழி குறையுதா?" பார்த்தேன். பிரேக்குக்கான ஏர் டேங்கில் அழுத்தம் சுமார் 8 பார் வந்து, கம்ப்ரசர் காற்றடைப்பதை நிறுத்தியதும் குமிழி அடங்குகிறது. பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து ஏரை இறக்கினால் மறுபடியும் கிளம்புகிறது. பிரேக்குக்குக் காற்றடைக்கும் அந்தக் கம்ப்ரசரும் இன்ஜின் கூலன்ட்டில்தான் குளிர்கிறது. அதன் தலையிலும் ஒரு சின்னக் கேஸ்கெட் உண்டு, போயிருந்தது அது. கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாயையும் கழற்றி அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினோம், ஒரு குமிழிகூட இல்லை. என் கணக்குப்படி முதலில் கெட்டதும் அதுதான். அது தள்ளிய காற்றில் கூலன்ட் வெளியேறி, இன்ஜின் சூடாகி, பெரிய கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

இப்போது ஒருவர் வந்து, நீலத் திரவம் வைத்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்குமே என்பார். எரிந்த புகையில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நிறம் மாறுமே, அந்தத் திரவம். நல்ல சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐட்லிங்கில் ஓடும் டீசலில் காற்று மிக அதிகம், கார்பன் டை ஆக்ஸைடு குறைவு. நிறம் மாறினால் நம்பலாம், மாறாவிட்டால் கேஸ்கெட் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது. கம்ப்ரசர் காற்றுக்கு நிறம் மாறவே மாறாது.

உங்களுடையது ஏர் பிரேக் வண்டியா என்று கேள்வியில் இல்லை. கார், பிக்கப் என்றால் ஈஜிஆர் கூலரை (இன்ஜினுக்கே திரும்பப் போகும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகத்தை) பாருங்கள், அது ஓட்டையானால் கூலன்ட் குறைவது, வெள்ளைப் புகை எல்லாம் அச்சு அசலாக ஹெட் கேஸ்கெட் மாதிரியே இருக்கும். சில இன்ஜின்களில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்காரும் ஸ்லீவைச் (உறையைச்) சுற்றித் தண்ணீர் ஓடும், அது கசிந்தாலும் குமிழிதான். இதெல்லாம் ஹெட்டை எடுக்காமலே பார்க்கக்கூடியவை. கேஸ்கெட் மேல்தான் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் குறைவாக இருந்தால் அப்புறம் கழற்றுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும்: ராத்திரி கூலன்ட் குறைந்து, காலையில் இன்ஜின் இறுக்கமாகச் சுற்றினால் அடித்து அடித்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கம்ப்ரசர் வேலை முடிந்ததும் முதல் மெக்கானிக்கிடம் போய், "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டாவது தடவை புது போல்ட் போட்டாங்களா, இல்ல பழசு நீளமாவது அளந்து பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அளந்ததாக ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.