எண் எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

பொருளியலில் முதுகலை முடித்துவிட்டேன். வளர்ச்சியின் அரசியல் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. கணிதத்தில் நான் சுமார்தான். அரசியல் அறிவியலுக்கு மாறிவிடலாமா? சேருவதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதை எப்படிச் செலவிடுவது?

க.

அன்புள்ள க.,

தாராளமாக மாறலாம். கணிதப் பின்புலம் போதாதென்று எலினார் ஆஸ்ட்ரமுக்குப் பொருளியல் முனைவர் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்தார். தெற்குக் கலிபோர்னியாவில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது. இறைத்தவர்களே கூடிப் பேசி அதற்கு எப்படி வரம்பு கட்டினார்கள் என்பதுதான் 1965இல் அவர் முடித்த ஆய்வு. 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். ஆனால் நிகழ்தகவும் ரெக்ரஷனும் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) எந்தத் துறையிலும் உங்களை விடாது. அவற்றை இப்போதே படித்துவிடுங்கள்.

இந்த ஓராண்டில், தரவும் நிரலும் வெளியிடப்பட்டிருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து, முதல் அட்டவணையிலிருந்து நீங்களே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கோப்புகளை இணைக்கும் இடத்தில்தான் சறுக்கும். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் உண்டு. ஒரு கோப்பில் ஐவரி கோஸ்ட் என்றிருப்பது இன்னொன்றில் கோத் திவ்வார் என்றிருக்கும். பெயர் பொருந்தாத வரிசைகளைச் சில கட்டளைகள் சத்தமில்லாமல் கழித்துவிடும். 2011இல் தெற்கு சூடான் பிரிந்ததைக் கவனிக்காவிட்டால், சூடானின் மக்கள்தொகை திடீரெனச் சரிந்ததுபோலத் தெரியும். பெயரை நம்பாமல் நாட்டுக் குறியீட்டைக் கொண்டு இணையுங்கள். இணைக்கும் முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுங்கள்.

அடுத்தது, எண்ணின் பிறப்பிடம். இதுதான் இந்தத் துறையின் உயிர். டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவரின் 2001 கட்டுரை, காலனிகளில் ஐரோப்பியரின் இறப்பு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு (இறப்பு அதிகமான இடத்தில் அவர்கள் குடியேறவில்லை, நல்ல ஏற்பாடுகளையும் அமைக்கவில்லை என்பது வாதம்), அங்கே அமைந்த நிறுவனங்கள், அதாவது சொத்துரிமை, சட்டம் போன்ற ஏற்பாடுகள், இன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டது. அதிலிருந்த 64 நாடுகளில் 36க்கு வேறு நாடுகளின் இறப்பு விகிதமே பொருத்தப்பட்டிருக்கிறது என்று 2012இல் டேவிட் ஆல்பூயி என்ற பொருளியலாளர் காட்டினார். முகாமில் இருந்த படைவீரர்களின் இறப்பும் போர்ப் பயணத்தில் இருந்தவர்களின் இறப்பும் கலந்துகிடப்பதையும் எடுத்துச் சொன்னார். மூவரும் அதே ஆண்டு, அதே இதழில் பதில் எழுதினார்கள். 2024இல் அவர்களுக்கு நோபலும் கிடைத்தது. மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படியுங்கள். யார் பக்கம் சாய்ந்தாலும் சரி, ஒவ்வோர் எண்ணையும் மூல ஆவணம்வரை துரத்திப்போகும் பழக்கம் வந்துவிடும்.

வழிகாட்டியை அணுகும்போது நீண்ட சுயவிவரம் வேண்டாம். நீங்கள் போட்டுப் பார்த்த கட்டுரையில் எந்த எண் பொருந்தியது, எது பொருந்தவில்லை, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள்.