கலெக்டரிடம் கொடுத்த மனு ஏன் தாசில்தாரிடமே போகிறது?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா இறந்துவிட்டார். அவர் பெயரில் உள்ள நிலத்தை எனக்கும் தம்பிக்கும் தனித்தனிப் பட்டாவாக மாற்றித் தர வேண்டும், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகிக் கிடப்பதைச் சரிசெய்ய வேண்டும், ரேஷன் அட்டையில் மகள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையிலேயே மனு கொடுத்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தால், மனு எங்கள் தாசில்தாரிடமே போயிருக்கிறது என்கிறார்கள். மாவட்டத்துக்கே தலைவர் கலெக்டர்தானே? அவர் சொன்னால் நடக்காதா? யாருக்கு யார் மேலதிகாரி?

பதில்: உங்கள் மனுவில் மூன்று அலுவலகங்களின் வேலை இருக்கிறது. பட்டா வருவாய்த் துறை, மோட்டார் ஊராட்சி, அட்டை உணவுப்பொருள் வழங்கல் துறை. குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கணினியில் பதியும்போது அது எந்தத் துறைக்கானது என்று பார்த்து அந்த அலுவலருக்கு அனுப்புவார்கள். உங்கள் மனு பட்டாவில் தொடங்கியதால் தாசில்தாருக்குப் போயிருக்கும். மோட்டாருக்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? முதல் வேலையாக மூன்றையும் தனித்தனி மனுவாக எழுதுங்கள்.

ஆட்சியர்தான் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர், அதில் சந்தேகம் வேண்டாம். வருவாய் நிர்வாகம், பேரிடர் பணி, தேர்தல், மாவட்ட நிர்வாக நடுவர் என்ற முறையில் சட்டம் ஒழுங்கு, அரசுத் திட்டங்களின் மேற்பார்வை எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். ஆனால் எந்த ஆணையில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி அந்த அதிகாரம் தாசில்தாருக்கு. அவர் ஆணை சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம். தாசில்தார் தூங்கினால் ஆட்சியர் எழுப்பலாம், கெடு வைக்கலாம். தாசில்தாருக்குப் பதிலாகப் பட்டா எழுதித் தர மாட்டார்.

வருவாய்த் துறையின் ஏணி இதுதான்: ஆட்சியர், அவருக்குக் கீழே டி.ஆர்.ஓ. என்று நாம் சொல்லும் மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டத்துக்கு ஆர்.டி.ஓ. என்கிற கோட்டாட்சியர், வட்டத்துக்குத் தாசில்தார், குறுவட்டத்துக்கு ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், கிராமத்துக்கு வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர். சில கோட்டங்களில் ஆர்.டி.ஓ. இடத்தில் சார் ஆட்சியர் இருப்பார். இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர், அந்த நாற்காலிக்குரிய அதிகாரம் ஒன்றுதான். ஆட்சியருக்குக் கொடுத்த மனு இந்த ஏணியில் படிப்படியாக இறங்கி வி.ஏ.ஓ.வின் அறிக்கைக்காகக் காத்திருக்கும். அவர் நிலத்தைப் பார்த்து எழுதினால்தான் மேலே ஏறும். பெரும்பாலான மனுக்கள் தங்கிவிடுவது அந்தக் கீழ்ப்படியில்தான். ஆகவே ஆட்சியர் அலுவலகத்துக்கு மறுபடி மறுபடி பேருந்து ஏறுவதைவிட, மனு எண்ணோடு வி.ஏ.ஓ.வைப் பார்த்து அறிக்கை அனுப்பியாயிற்றா என்று கேட்பது பயன் தரும்.

உங்கள் பட்டா விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. தனித்தனிப் பட்டா வேண்டும் என்கிறீர்கள். நீங்களும் தம்பியும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தீர்களா? வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் மட்டும் இருந்தால் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா கிடைக்கும், அவ்வளவுதான். அம்மா இருக்கிறாரா, அக்கா தங்கை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களும் வாரிசுகள். அவர்களை விட்டுவிட்டு இரண்டு பேர் பெயரில் மட்டும் கேட்டால் எந்தத் தாசில்தாரும் ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. பத்திரம் பதிய சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். அது பதிவுத் துறை, தாசில்தாருக்குக் கீழே வராது.

பத்திரம் கையில் இருந்தால், இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். உட்பிரிவு இல்லாத மாறுதலை மண்டல துணை வட்டாட்சியர் மட்டத்திலேயே முடித்துவிடுவார்கள். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். 45/2 என்ற புல எண்ணை இரண்டாக உடைத்தால் 45/2அ, 45/2ஆ என்று புலப்படத்தில் புதுக்கோடு விழும், நிலக் கணக்குகளான அ-பதிவேடும் சிட்டாவும் அதற்கேற்ப மாறும். நில அளவர் வரும் நாளில் இரண்டு தரப்பும் வயலில் இருங்கள். யாராவது ஒருவர் இல்லாமல் அளவை தள்ளிப்போய், அதன் பிறகு மாதங்கள் ஓடுவது ஊருக்கு ஊர் நடப்பதுதான்.

இனி மோட்டார். இங்கே ஏணியே வேறு. கிராம ஊராட்சியின் மோட்டாருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் பொறுப்பு ஊராட்சி மன்றத் தலைவர். அவருக்குத் துணையாக ஊராட்சிச் செயலர். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். கலெக்டரின் சிப்பந்தி அல்ல. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாமல் போனால் சிறிய பழுதுக்குக் கூடப் பணம் எடுக்க முடியாது. அப்படி ஏதும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஊராட்சியில் நடக்கவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஊராட்சிகளுக்கான உதவி இயக்குநர். ஆட்சியர் இங்கே வருகிறார், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற சட்டப் பொறுப்போடு. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலமாக இருந்தால் நேராக பி.டி.ஓ. அலுவலகமே போங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தெருக்காரர்களோடு போய், மோட்டார் விஷயத்தைத் தீர்மானமாக எழுதவைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்மான எண்ணோடு பி.டி.ஓ. முன்னால் நிற்பவருக்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதிலே வேறு.

கிராமத்துக்கு மேலே ஒன்றியக் குழு, அதற்கும் மேலே மாவட்ட ஊராட்சி. இவற்றின் தலைவர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டத் திட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான், ஆட்சியர் துணைத் தலைவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மாவட்ட ஊராட்சித் தலைவர் பெயர் தெரியும்? ஆட்சியர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, நாம் வாக்களித்து அமைத்த மன்றத்தின் தலைவர் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அட்டை விஷயம் எளிது. பெயர் சேர்ப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து, தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலரைப் பாருங்கள். மேலே மாவட்ட வழங்கல் அலுவலர். கடை ஊழியரைப் பற்றிய புகாராக இருந்தால் அது பெரும்பாலும் கூட்டுறவுத் துறைக்குப் போகும், ஏனெனில் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். காவல், பள்ளிக்கல்வி, மருத்துவத் துறைகளும் அப்படித்தான்; எஸ்.பி.க்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அவரவர் துறைத் தலைமை சென்னையில் இருக்கிறது. ஆட்சியர் அவர்களைக் கூட்டி ஆய்வு செய்வார், ஒருங்கிணைப்பார்.

மறுபடி ஆட்சியரைப் பார்க்கப் போனால், ‘பட்டா வேண்டும்’ என்று எழுதாதீர்கள். இன்ன தேதியில், இன்ன எண்ணில் விண்ணப்பித்தேன், நில அளவர் இன்னும் வரவில்லை, இன்ன தேதிக்குள் அளந்து ஆணை பிறப்பிக்க வட்டாட்சியருக்கு உத்தரவிட வேண்டுகிறேன் என்று எழுதுங்கள். அவரால் செய்ய முடிந்ததைக் கேட்கிறீர்கள், அவரும் செய்வார். விண்ணப்பத்தை நிராகரித்திருந்தால் நிராகரிப்பு ஆணையின் நகலை வாங்கி, மேல்முறையீட்டுக் காலக்கெடு முடிவதற்குள் ஆர்.டி.ஓ.விடம் போங்கள். வாயால் ‘ஆகாது’ என்று சொன்னதை ஏற்காதீர்கள். காரணமே சொல்லவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, வி.ஏ.ஓ. அனுப்பிய அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியையும் குறித்து வையுங்கள். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதால், அதையொட்டி மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். ஒரு வட்டத்தில் ஆட்சியரே உட்காருவார், மற்றவற்றில் டி.ஆர்.ஓ., ஆர்.டி.ஓ. போன்றவர்கள். உங்கள் கிராமத்துக்குக் குறித்த நாளில் வி.ஏ.ஓ. கிராமக் கணக்குகளோடு அங்கே இருப்பார், ஆர்.ஐ.யும் தாசில்தாரும் பக்கத்தில் இருப்பார்கள். பத்திரத்தின் நகலையும் பழைய மனு எண்களையும் எடுத்துக்கொண்டு அன்று காலையிலேயே போய்விடுங்கள்.