அவருக்கு நீங்கள் என்ன வேண்டும்?

அன்புள்ள சார்,

போரிஸ் பாஸ்டர்நாக்கின் டாக்டர் ஷிவாகோ நாவலைப் படித்து முடித்த கையோடு, அவருடைய காதலி ஓல்கா இவின்ஸ்கயாவின் நினைவுக்குறிப்பையும் படித்தேன். 1947இல் ‘நோவி மிர்’ பத்திரிகை அலுவலகத்தில் தொடங்கி பாஸ்டர்நாக்கின் சாவு வரை நீண்ட உறவு. நடுவே அவர் எழுதிய கடிதங்கள் வருகின்றன. படிக்கும்போது கூச்சமாக இருந்தது. ஒருவர் காதலிக்கு எழுதியதை நாம் படிப்பது முறைதானா? அப்புறம், ஓல்கா கேஜிபிக்கு உளவு சொன்னவர் என்கிறார்களே, உண்மையா? நாவலின் நாயகி லாரா என்பது ஓல்காவா, மனைவி ஜினைதாவா? என் ஆய்வேட்டில் இந்தக் கடிதங்களைச் சேர்க்க நினைத்தேன். “காதலிக்கு எழுதின லெட்டர் எல்லாம் ஆய்வுக்கு எதுக்கு, நாவலைப் பேசு” என்கிறார் என் நெறியாளர். உங்கள் கருத்து வேண்டும்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது அதே புத்தகம்தான் என் மேசைமேல் கிடந்தது. அதனால்தான் உடனே பதில் வருகிறது. இல்லையென்றால் இதுவும் மற்ற கடிதங்களோடு கிடந்திருக்கும்.

கூச்சத்தை விட்டுத்தள்ளுங்கள். உங்களுக்கு முன்பே அவற்றைப் படித்தவர்கள் மாஸ்கோவில் ரகசியப் போலீஸின் தலைமையகமான லுபியாங்காவில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் யாரும் கூச்சப்படவில்லை. 1949 அக்டோபர் 6 அன்று ஓல்காவைக் கைது செய்தவர்கள், பாஸ்டர்நாக் எழுதிய கடிதங்களையும் கையெழுத்திட்டுக் கொடுத்த புத்தகங்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். விசாரணையில் பாஸ்டர்நாக் எழுதிக்கொண்டிருந்த நாவலைப் பற்றிக் குடைந்தார்கள். ஓல்கா அப்போது கர்ப்பிணி. கரு சிறையிலேயே கலைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஓல்கா எழுதியிருக்கிறாரே, அந்தப் பக்கத்தை எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பாஸ்டர்நாக்கை லுபியாங்காவுக்கு வரச் சொல்கிறார்கள். பிறந்த குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார் மனுஷன். அங்கே அவர் கையில் கொடுத்தது அவரே எழுதிய கடிதங்களின் ஒரு கட்டு. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கவிஞர், பிள்ளையை வாங்கப் போய்த் தன் கடிதங்களை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். நீங்கள் முறையா முறையில்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

லாரா விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நாவலை அவர் மும்முரமாக எழுத ஆரம்பித்தது 1945-46 குளிர்காலத்தில். ஓல்காவைச் சந்தித்தது அதற்குப் பிறகு. ஆகவே லாரா முழுக்க ஓல்கா இல்லை. ஆனால் 1958இல் ஒரு ஜெர்மன் பெண் கவிஞருக்கு எழுதிய கடிதத்தில், என் நாவலின் லாரா இவர்தான், எனக்காகச் சிறை போனவர், நான் தப்பியது இவருடைய மன உறுதியால்தான் என்ற பொருளில் பாஸ்டர்நாக்கே எழுதியிருக்கிறார். ஜினைதாவும் அந்தப் பாத்திரத்தில் இருப்பார். நாவலாசிரியன் ஒரே கிணற்றிலா இறைப்பான்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

உளவு. 1997இல் மாஸ்கோ நாளிதழ் ஒன்று, 1961இல் ஓல்கா சிறை முகாமிலிருந்து சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு எழுதிய கடிதத்தை வெளியிட்டது. அதிகாரிகளோடு தான் ஒத்துழைத்ததாக அதில் சொல்லியிருக்கிறார் என்பதுதான் ஆதாரம். 1961இல் அவர் இரண்டாம் முறை பிடிபட்டு எட்டு வருடத் தண்டனைக் கைதி. மகள் இரினாவுக்கு மூன்று வருடம், அவரும் உள்ளே. உங்கள் அம்மா அந்த நிலையில் ஒரு மனு எழுதினால் அதில் என்ன எழுதுவார்? நான் உங்களுக்கு எவ்வளவோ உதவி செய்தேனே ஐயா, என் பிள்ளையை விடுங்கள் என்றுதான் எழுதுவார். மனு என்றால் என்னவென்று தெரியாத நாட்டில் பிறந்தவரா நீங்கள்? 1949இல் அவரைப் பிடித்து ஐந்து வருடத் தண்டனை கொடுத்தபோது, வாயைத் திறந்து நாவலைக் காட்டிக்கொடுத்திருந்தால் போதுமே. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

எனக்கு மனதில் உறுத்திக்கொண்டிருப்பது வேறு. ஓல்கா முதல் தண்டனையைக் கழித்தது ரஷ்யாவின் மொர்தோவியாவில், போட்மா முகாமில். நெருங்கிய உறவினர்கள் மட்டும்தான் கைதிக்குக் கடிதம் எழுதலாம். பாஸ்டர்நாக் அவருக்கு என்ன உறவு? கணவர் இல்லை, அண்ணன் இல்லை. ஆகவே அவர் ஓல்காவின் அம்மாவாக மாறினார். “உன் அம்மா” என்று கையெழுத்துப் போட்டுத் தபால் அட்டைகள் எழுதினார். அவற்றில் தன்னையே மூன்றாம் மனிதராக, போரிஸ் என்ற பெயரின் முதல் எழுத்தான ‘பி’யால் குறிப்பிடுகிறார். பி உன்னைக் கனவில் கண்டார் என்று அம்மா மகளுக்குத் தெரிவிக்கிறார். தணிக்கை அதிகாரிக்கு ஒரு தாய், ஓல்காவுக்கு ஒரு காதலன், ஒரே அட்டையில். அவர் நாவலாசிரியர் என்பதற்கு எனக்கு டாக்டர் ஷிவாகோவை விட இந்த அட்டைகள் பெரிய சாட்சி. உங்கள் நெறியாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சிற்றிதழ் அலுவலகம் ஞாபகம் வந்தது. அலுவலகம் என்ன, ஆசிரியரின் வீட்டு முன்னறைதான். அங்கே ஓர் அம்மா இருந்தார். ப்ரூஃப் பார்ப்பார், சந்தாதாரர் முகவரி எழுதுவார், அச்சகத்தில் கடன் சொல்வார், ஆசிரியரின் கதைகளை நல்ல கையெழுத்தில் பிரதி எடுப்பார். எடுக்கும்போதே ஒரு பத்தியை வெட்டிவிடுவார், ஆசிரியர் மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். இதழில் எங்கும் அவர் பெயர் வந்ததில்லை. ஆசிரியர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது வார்டு வாசலில் நர்ஸ் கேட்டார், “நீங்க அவருக்கு என்ன வேணும்?” அந்த அம்மா ஒரு நொடிகூடத் தயங்காமல், “தங்கச்சி” என்றார். பாஸ் கிடைத்தது. பக்கத்தில் நின்றிருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர்களுக்குள் காதல் இருந்ததா என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது. அவர் அந்த இதழுக்கு என்ன வேலை செய்தார் என்று ஒருவரும் பேசியதில்லை.

ஓல்காவை நீங்கள் காதலி என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். உலகமே அப்படித்தான் செய்கிறது. அவர் நோவி மிர் பத்திரிகையில் புது எழுத்தாளர்களின் படைப்புகளைப் பார்த்தவர், அதாவது கைப்பிரதி படிக்கத் தெரிந்தவர். பாஸ்டர்நாக்கிடம் மொழிபெயர்ப்பு கற்றுக்கொண்டு மொழிபெயர்த்துப் பிழைத்தவர். 1953இல் ஸ்டாலின் செத்து அவர் வெளியே வந்த பிறகு, பாஸ்டர்நாக்குக்காகப் பதிப்பகங்களுக்கு அலைந்தது, ஒப்பந்தம் பேசியது, பணம் வாங்கியது எல்லாம் ஓல்கா. 1956 மே மாதம், மாஸ்கோ அருகே தான் வாழ்ந்த பெரெதெல்கினோவுக்கு வந்த இத்தாலியர் ஒருவரிடம், வெளிநாட்டில் அச்சிடச் சொல்லி பாஸ்டர்நாக் நாவலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். என்னைச் சுட்டுக்கொல்லும்போது பார்க்க வாருங்கள் என்று நக்கல் வேறு. அதைக் கேள்விப்பட்டுப் பதறி, பத்திரிகை அலுவலகத்துக்கும் கட்சியின் கலாச்சாரப் பிரிவுத் தலைவர் பொலிகார்ப்போவிடமும் ஓடியவர் ஓல்கா. வீர வசனம் பேசியவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு அதிகாரிகளின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் ‘காதலி’.

1958 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். 23ஆம் தேதி நோபல் பரிசு. 27ஆம் தேதி எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கம். 29ஆம் தேதி பரிசு வேண்டாமென்று தந்தி. நாட்டை விட்டே துரத்திவிடுவார்கள் என்ற நிலையில் குருஷ்சேவுக்கு ஒரு கடிதம் போனதே, அதை நண்பர்களோடு உட்கார்ந்து வரைந்தது ஓல்கா. பாஸ்டர்நாக் கையெழுத்துப் போட்டார். அவர் நாடு கடத்தப்படவில்லை. பணிந்து எழுதவைத்துவிட்டாள் என்று ஓல்காவைத் திட்டியவர்கள் நிறைய. கடிதத்தின் பலன் அவருக்கு, பழி இவருக்கு.

பாஸ்டர்நாக் மேல் எனக்குள்ள பிரியத்தோடுதான் இதையும் சொல்கிறேன். 1959 ஜனவரியில் அவர் வீட்டை விட்டு வந்து ஓல்காவோடு வாழ்வதாகப் பேச்சு. கடைசி நேரத்தில் பின்வாங்கினார். ஓல்கா கேட்டது அவருடைய பெயரை. நீங்கள் போன பிறகு என்னைச் சும்மா விடமாட்டார்கள், உங்கள் பெயர் இருந்தால் எனக்கு அது ஒரு காப்பு என்பதுதான் அவருடைய வாதம். பாஸ்டர்நாக்கோ, பிரிட்டிஷ் பிரதமர் மாஸ்கோ வரும் நேரத்தில் வெளிநாட்டு நிருபர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்று மனைவியோடு ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஓல்காவுக்குக் கடிதம் மேல் கடிதம். உருக்கமான கடிதங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓல்காவுக்குத் தேவைப்பட்டது உருக்கம் இல்லை, பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. ஜினைதாவை நோகடிக்க மனமில்லை என்பது அவர் தரப்பு. சரி, அதுவும் நியாயம்தான். ஜினைதாவும் நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார், அதையும் படியுங்கள். இரண்டு வீட்டிலும் நல்லவராக இருக்க விரும்பிய ஓர் ஆண், இரண்டு வீட்டுக்கும் கொடுத்தது அரை மனிதரை.

1960 மே 30 அன்று அவர் இறந்தபோது ஓல்காவால் படுக்கை அருகே போக முடியவில்லை. பயந்தபடியே நடந்தது. ஆகஸ்ட் 16இல் கைது. வெளிநாட்டு ராயல்டி பணம் கைக்கு வந்ததை அந்நியச் செலாவணிக் கடத்தல் என்றார்கள். நாவலை எழுதியவர் மண்ணுக்குள், நாவலுக்காக அலைந்தவரும் மகளும் கம்பிக்குள். இந்த முறையும் காகிதங்களை அள்ளினார்கள். கடிதங்கள் உட்பட.

1964இல் ஓல்கா விடுதலை. 1988இல்தான் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அப்படியானால் என் கடிதங்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அவை அரசு ஆவணக்காப்பகத்தில் இருந்தன. வழக்குப் போட்டார். பாஸ்டர்நாக்கின் மருமகள் எதிர்த்து நின்றார். உங்களுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை, காப்பகத்திலேயே இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தில் பல நாடுகளிலும் இது சிக்கலான விஷயமே இல்லை. கடிதத்தின் வாசகம் எழுதியவருக்குச் சொந்தம், அதை அச்சிட அவருடைய வாரிசுகளின் அனுமதி வேண்டும். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். ஓல்கா கேட்டது காகிதத்தை. அவருக்கு வந்த கடிதங்கள், அவரிடமிருந்து பறித்துக்கொண்டுபோனவை. இதற்கு என்ன ஆதாரம் காட்டுவது, சொல்லுங்கள். மனைவிக்குத் திருமணப் பதிவு இருக்கும். செயலாளருக்கு நியமன உத்தரவோ சம்பளச் சீட்டோ இருக்கும். ஓல்கா இரண்டும் இல்லை. முகாம் வாசலில், பெரெதெல்கினோ வீட்டு வாசலில், கடைசியில் நீதிமன்றத்தில், எல்லா இடத்திலும் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். பதிலாக அவர் எடுத்துக் காட்டக்கூடியவை அந்தக் கடிதங்கள் மட்டுமே. அவற்றைத்தான் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். 1995 செப்டம்பரில் தன் 83ஆவது வயதில் ஓல்கா இறந்துபோனார், கடிதங்கள் திரும்பக் கிடைக்காமலே.

நெறியாளரோடு சண்டை வேண்டாம். நாவலைப் பேசு என்கிறாரா, நாவலையே பேசுங்கள். அது எழுதப்பட்டு, நாட்டை விட்டு வெளியே போய், 1957இல் இத்தாலியனில் அச்சாகி, அதன் பணம் திரும்பி வந்து ஒரு தாயையும் மகளையும் உள்ளே தள்ளியது வரை எழுதுங்கள். கடிதங்கள் தாமாகவே உள்ளே வந்துவிடும். அந்த முகாம் அட்டைகளை மட்டும் அடிக்குறிப்பில் போட்டு ஒளித்துவைக்காதீர்கள்.

அப்புறம், அவர்கள் நோவி மிர் அலுவலகத்தில் சந்தித்தது 1947இல் இல்லை, 1946 அக்டோபரில். ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தால் திருத்திவிடுங்கள்.

அன்புடன்.