சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை: நடக்க நினைப்போர் கேட்டவை

இலங்கையின் வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியே கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து தெற்கே கதிர்காம முருகன் கோயிலில் முடிகிற பாதயாத்திரை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடப்பது நின்றுபோயிருந்ததால், வழி தெரிந்த ஒரு தலைமுறையே நடுவில் விடுபட்டுவிட்டது. அதனால்தான் இத்தனை கேள்விகள்.

இந்தப் பாதைக்கு வரைபடம் ஏதும் உண்டா? கைப்பேசியை நம்பி நடக்கலாமா? (டொராண்டோவிலிருந்து ஒருவர்)

கைப்பேசியிடம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். மொனராகலை, புத்தல என்று சுற்றுகிற தார் வீதியைத்தான் காட்டும். நீங்கள் போகப்போவது அந்த வழி அல்ல. வழிகாட்டிப் பலகைகளும் கிடையாது.

இங்கே கோயில்களே மைல்கற்கள். சந்நிதி, வற்றாப்பளைக் கண்ணகி, கோணேஸ்வரம், வெருகல் சித்திரவேலாயுதர், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை. இவற்றுக்கு இடையில் சிறு கோயில்கள் பல உள்ளன. ஒரு கோயிலில் இரவு தங்கினால், அடுத்த நாள் எங்கே தங்குவது, எந்தக் கிணற்றில் குளிப்பது, எந்த வீட்டில் மோர் கிடைக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: குருமண்வெளித் துறையில் படகேறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் எதிர்க்கரையில் மண்டூர் முருகன் கோயில். வீதியை மட்டும் பார்த்து நடப்பவர் அந்தத் துறையைத் தாண்டிப் போய்விடுவார்.

எப்போது புறப்பட வேண்டும்? (கொக்குவிலிலிருந்து ஒருவர்)

பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். கதிர்காமத்தில் கொடியேறும் நாள்தான் உங்கள் கணக்கின் முதல் புள்ளி. அது அமாவாசையை ஒட்டி வரும். பதினைந்து நாள் கழித்துப் பௌர்ணமிக்குப் பின் மாணிக்க கங்கையில் தீர்த்தம். பெரும்பாலும் ஜூலையில் விழும். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு நாள் நகரும். போன ஆண்டுத் திகதியை வைத்து விமானச் சீட்டு எடுத்துவிட்டுப் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது புள்ளி, உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாள். அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வழி அல்ல; திருவிழாவை ஒட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டும் திறப்பார்கள். திகதியை அதிகாரிகள் கூடி முடிவு செய்து அறிவிப்பார்கள். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் உகந்தையில் காத்திருக்கலாம், பிந்தினால் வாயில் மூடியிருக்கும்.

மூன்றாவது, வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கல். உப்புநீரில் விளக்கெரியும் அந்தத் திங்கட்கிழமை அங்கே நிற்பதுபோல் நடப்பது வடக்கிலிருந்து வருவோரின் வழக்கம். முழுப் பாதைக்கும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விசாக் காலத்தை இந்தக் கணக்கோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. காட்டுப்பகுதி மட்டும் நடக்க ஆசைப்படுகிறார். விடலாமா? (திருகோணமலையிலிருந்து ஒரு மகள்)

தங்கச்சி, அந்தக் காட்டில் முன்னால் போவோரில் பாதிப்பேர் உங்கள் அம்மாவின் வயதுக்காரர்கள்தான். இளவட்டங்கள் முதல் நாள் ஓடி இரண்டாம் நாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

வயதைவிட வேறு இரண்டைப் பாருங்கள். வெயிலில் தொடர்ந்து நான்கைந்து நாள் நடக்கும் பழக்கம் இருக்கிறதா? சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரா? எடுப்பவரானால் மருத்துவரிடம் கேட்டபின் முடிவெடுங்கள். உள்ளே நுழைந்தபின் பாதியில் திரும்பி வர பஸ் இல்லை. ஒரு மாதம் முன்பிருந்தே காலையும் மாலையும் நடக்கவிடுங்கள். பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தைக்கு நடந்தால் அதுவே நல்ல சோதனை. அதில் தளர்ந்தால் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில் குறைவு ஒன்றுமில்லை.

காட்டில் தண்ணீருக்கு என்ன செய்வது? மிருகங்கள்? (கல்முனையிலிருந்து ஒருவர்)

கூமுனையைக் கடந்து கும்புக்கன் ஆற்றுக்கு வரும்போது வறட்சிக்காலம் உச்சத்தில் இருக்கும். இரு கரையிலும் பெரிய மருதமரங்கள். நடுவில் முழங்காலளவு நீர், சில இடங்களில் வெறும் மணல். குடிக்க ஓடும் நீரை அள்ளுவதில்லை. கரையோர மணலில் கையாலோ சிரட்டையாலோ முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டுவார்கள். முதலில் ஊறுவது கலங்கல்; அதை இறைத்துக் கொட்ட வேண்டும். மீண்டும் இறைக்க வேண்டும். பிறகு வருவது தெளிந்து குளிர்ந்திருக்கும். துணியில் வடித்துக் கொதிக்கவைத்தால் இன்னும் நல்லது. இப்போது சில தங்குமிடங்களில் தண்ணீர்த் தாங்கிகளும் வைக்கிறார்கள். என்றாலும் ஒரு நாளைக்கான தண்ணீரைத் தோளில் சுமக்காமல் எந்த இடத்தையும் விட்டுக் கிளம்பாதீர்கள். ஆழமான மடுக்களில் முதலை உண்டு. மற்றவர்கள் இறங்கும் துறையில் மட்டும் குளியுங்கள்.

எல்லோரும் யானையைக் கேட்கிறார்கள். எனக்கு அச்சம் கரடியிடம். நாம் நடக்கும் மாதம் பாலைப்பழம் பழுக்கும் மாதம். அதைத் தின்னக் கரடி மரமேறும், கீழே உதிர்ந்ததையும் பொறுக்கும். பாலைமரத்தடியில் மஞ்சள் பழம் சிதறிக் கிடந்தால் பொறுக்கித் தின்ன ஆசை வரும். மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குனியுங்கள். திடீரென எதிர்ப்படும் மனிதனைத்தான் கரடி பாய்ந்து தாக்கும். சத்தம் முன்கூட்டியே கேட்டால் விலகிப்போகும். அரோகரா சொல்லிக்கொண்டே நடப்பதற்குப் பக்தி ஒரு காரணம், இது இன்னொன்று. விடியுமுன் தனியே ஒதுங்கப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரை எழுப்புங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தனியாக நடக்கலாமா? (சென்னையிலிருந்து ஒருவர்)

கரையோர ஊர்களில் நடக்கலாம். காட்டுக்குள் கூடாது. வேல் தாங்கிய மூத்தவர் முன்னால் நடக்க, அவர் பின்னால் செல்லும் குழுவைத் தேடிச் சேருங்கள். வேலுக்கு முன்னால் எவரும் நடப்பதில்லை. வேகமாக நடப்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். மெதுவாக நடப்பவர் பின்தங்கித் தொலையாமல் இருப்பதும் இதனால்தான். அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் சாமி என்றே அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழையுங்கள், ஒரு நாளில் பழகிவிடும்.

வடக்கில் இன்னொரு எச்சரிக்கை: மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ட இடத்தில் குறுக்குவழி தேடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத நிலங்கள் இன்னமும் இருக்கின்றன.

பையில் என்னென்ன? செருப்பு? (வவுனியாவிலிருந்து ஒருவர்)

வேட்டி இரண்டு, துவாய், விரிக்க ஒரு சாரம், டார்ச், உப்பு, சீனி, தேசிக்காய், காயத்துக்கு மருந்து, கொஞ்சம் அரிசியும் பருப்பும். காட்டுப்பாதை செல்லும் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் பொலித்தீன் வேண்டாம், துணிப்பையில் கட்டுங்கள். வெறுங்காலில் நடப்பது வழக்கம். ஆனால் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற நண்பகலில் தார்வீதியில் வெறுங்காலில் நடந்து கொப்புளம் கட்டிக்கொள்வதை நான் தவம் என்று எண்ணுவதில்லை. பத்து மணிக்குள் நடந்து முடித்து, நான்கு மணிக்குப் பிறகு மறுபடி கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவாகும்? (அதே வாசகர்)

காட்டுக்கு வெளியே பெரும்பாலும் அன்னதானம். கொடுத்ததை உண்ணுங்கள். கோயில் உண்டியலில் இயன்றதைப் போடுங்கள்.

நான் முஸ்லிம். நண்பர்களோடு வரலாமா? (அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்)

தாராளமாக வரலாம் தம்பி. கதிர்காம வளாகத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது. திருவிழாவின்போது அங்கேயும் கொடியேறும்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் வெறும் வீதிதான், பஸ்ஸில் போய்விடலாம் என்கிறார்களே? (நீர்கொழும்பிலிருந்து ஒருவர்)

2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தப் பகுதி எளிதாகிவிட்டது உண்மை. அதற்குமுன் இயந்திரப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். விடுமுறை குறைவானால் எந்தத் துண்டையும் பஸ்ஸில் கடக்கலாம், வெருகலைத் தவிர. ஆற்றங்கரையிலுள்ள அந்தக் கோயிலில் ஓர் இரவாவது தங்குங்கள். காட்டுக்குச் செல்லும் குழுக்கள் பல அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. துணை தேடுபவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

திரும்பி வருவது எப்படி? (டொராண்டோ வாசகர் மறுபடியும்)

கதிர்காமத்திலிருந்து பஸ் இருக்கிறது. தீர்த்தம் முடிந்த அன்றே கிளம்பினால் நிற்கவும் இடம் கிடைக்காது. ஒரு நாள் இருந்து, செல்லக்கதிர்காமமும் கதிரமலையும் பார்த்துவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.